நண்பர்கள் முன்னிலையில் விவாகம்

எங்கள் ரூத் அக்கா ஐம்பத்திரண்டு வயதில் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஆசைப்பட்டாள். மாப்பிள்ளை ஜூடு, அவள் பள்ளிக்கூடத்திலேயே கணக்கு வாத்தியார், மனைவியை இழந்தவர், கத்தோலிக்கர். நாங்கள் புராட்டஸ்டண்டு. எங்கள் சபை ஐயர், அதாவது பாஸ்டர், நடத்தினால் அவர் வீட்டார் வரமாட்டார்களாம். அவர்கள் ஃபாதர் நடத்தினால் எங்கள் ஞானமுத்து அண்ணன் படியேற மாட்டாராம். இரண்டு வருஷமாக இந்தக் கூத்துதான்.

“வேணும்னா ஓடிப்போய்க் கட்டிக்க. நம்ம வம்சத்துக்கு என்ன புதுசா?” என்பார் அண்ணன். அது எங்கள் வீட்டுப் பழைய மானக்கேடு. பாட்டனாருக்குப் பாட்டன் எட்வின் துரை, வெள்ளைக்காரர், திருப்பரங்குன்றத்துப் பெண்ணைக் கட்டியவர். குடும்ப பைபிளின் முன்பக்கத்தில் அவர் கைப்பட இங்கிலீஷில் ‘நண்பர்கள் முன்னிலையில் விவாகம்’ என்று எழுதியிருக்கிறார். சேக்காளிகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அது திருட்டுக் கல்யாணம் இல்லாமல் வேறென்ன? தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் முடிவு கட்டி வைத்திருந்தோம்.

அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. போன கோடை லீவில் பைபிளில் இருந்த அந்த மங்கிய கையெழுத்தை முழுசாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒருநாள் அடுப்படிக்கு ஓடிவந்தாள்.

“அடியேய், எட்வின் துரையோட அப்பாவ ‘நண்பர்கள் கல்லறைத் தோட்டத்துல’ அடக்கம் பண்ணாங்களாம். சேக்காளிகளுக்குன்னு எந்த ஊர்லடி தனிக் கல்லறை இருக்கு?”

ஜூடு போனில் தேடினார். க்வேக்கர் என்று ஒரு கிறிஸ்தவ சபை. தங்களுக்கே ‘நண்பர்கள்’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கல்யாணத்தில் குருவானவரே கிடையாதாம். எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளையும் பெண்ணும் எழுந்து வாக்குக் கொடுப்பார்களாம். அவ்வளவுதான்.

நான் சிரித்த சிரிப்பில் தோசை கருகிவிட்டது. அந்த மனுஷன் ஓடிப்போகவே இல்லை! அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, “எங்க முப்பாட்டன் முறையாக் கட்டினவருங்க!” என்றார்.

“அப்ப நாங்களும் அதே முறையில கட்டிக்கிறோம்ணே. ஐயரும் வேணாம், ஃபாதரும் வேணாம். சட்டத்துக்கு ரிஜிஸ்தர் ஆபீஸ் இருக்கு” என்றாள் அக்கா. அண்ணன் வசமாக மாட்டிக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு வீட்டாரும் பேசாமல் உட்கார்ந்தோம். மதுரைக்காரர்களை வாயை மூடச் சொன்னால் நடக்கிற காரியமா? ஜூடுவின் தங்கச்சி சகாயமேரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அவளைப் பார்த்து எனக்கு. குக்கர் வேறு விசில் அடித்தது. அண்ணன் எல்லாரையும் முறைத்தார்.

அக்கா எழுந்தாள். கூடவே ஜூடுவும்.

“ஜூடு, உங்கள எனக்கு அம்புட்டுப் பிடிக்கும். சாகுற வரைக்கும் உங்க கூடவே இருப்பேன்.”

எங்கள் வீட்டில் யாரும் பெரியவர்கள் முன்னால் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்து ஜூடு பேச வேண்டும். அதற்குள் அண்ணன், குரல் கம்மிப்போய்க் கேட்டார்:

“இன்னொருக்கா சொல்லுத்தா. சரியாக் கேக்கல.”