வராத அந்த ஒரு நாள்

செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் கேன்டீன் நடத்திக்கொண்டிருந்தேன். ஆசிரியர்களின் வருகையைக் குறிக்கும் அட்டெண்டர் ஒருவர் அங்கே இருந்தார். ஒல்லி உடம்பு, காதில் செருகிய பேனா. வாசலில் கைரேகை மிஷின் வைத்த பிறகும், மணிக்கொரு தரம் ஒவ்வொரு வகுப்பையும் ஜன்னலில் எட்டிப் பார்த்துத் தன் நோட்டில் எழுதுவார்.

கெமிஸ்ட்ரி மேடத்துக்கு ஆசிட் பட்டுப் பட்டு ரேகை தேய்ந்துபோயிருந்தது. ஒரு மாதம் முழுக்க அவர் வரவில்லை என்றது மிஷின். வேலையே போகும் நிலை. அவருக்குச் சாட்சி அந்த நோட்டு மட்டும்தான். அதிலும் ஒரு நாள் 'வரவில்லை' என்று இருந்தது.

"அத்த மட்டும் திருத்திடு அண்ணாத்த. இன்னா இப்போ?" என்றேன்.

"அன்னிக்கி அந்தம்மா வரல நைனா. நீ பால்ல தண்ணி ஊத்துற மாரி நான் நோட்டுல ஊத்த முடியாது."

விசாரணைக்கு வந்த அதிகாரி அந்தப் பக்கத்தைத்தான் வெகுநேரம் பார்த்தாராம். "வராத நாளை மறைக்காதவர், மற்ற நாட்களையும் சரியாகத்தான் எழுதியிருப்பார்" என்றாராம். மேடத்தின் வேலை தப்பியது.

"இப்டி ஆவும்னு தெரிஞ்சிதான் வுட்டு வச்சியா?" என்று கேட்டேன்.

"எனுக்கு இன்னா தெரியும்? அவங்க வேல பூட்டா, எந்த மூஞ்சிய வச்சிகினு கிளாஸ எட்டிப் பாக்குறதுன்னு பயந்துகினு கெடந்தேன்."

அவ்வளவு பயத்திலும் அவர் கை ஏன் அந்த நோட்டின் பக்கம் போகவில்லை என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.