ஆறரைக் காவல்

இடுப்புப்பட்டியை ஒரு துளை இறுக்கிவிட்டு, சீமெந்துத் தளத்துக்கு ஓர் அடி வெளியே நிற்கிறார் முத்தலிப். காலை ஆறரை மணி. தளம் நான்கடிக்கு நான்கடி. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளின் முட்கம்பி வேலிக்கு வெளியே, வீதியோரப் பற்றைக்குள் கிடக்கிறது. அதன்மேல் அவர் கால் வைப்பதில்லை. பிறரையும் வைக்க விடுவதில்லை.

“கொஞ்சம் விலத்திப் போங்கோ தம்பி,” என்றார் என்னிடம், முதல் நாள். “ஆள் நிக்குது.”

தளத்தில் காய்ந்த இலைகளும் ஒரு தகரப் பேணியும் மட்டுமே கிடந்தன. நான் விலகிப் போனேன்.

தாங்கிக் கந்தோரில் எனக்கு எழுதுவினைஞர் வேலை. ஆறரை பஸ்ஸில் இறங்கினால் கேற் திறக்க ஏழாகும். அதுவரை தினமும் அவரைப் பார்க்க வாய்த்தது. கட்டம் போட்ட சாரம், அதற்கு மேல் பட்டாளத்துப் பட்டி, மினுக்கிய சப்பாத்து. பஸ் புறப்படும்போது கொண்டக்டர் சரீப் மிதிபலகையில் தொங்கியபடி கத்துவான்:

“சார்ஜன்! ஜப்பான்காரன் இண்டைக்கு லீவாம். வீட்ட போங்கோ!”

“அவன் போடுவான்டா லீவு. நான் போட ஏலாது. கையெழுத்து வெச்சிட்டன்.”

அவர் கொன்ஸ்டபிளாகவே ஓய்வுபெற்றவர். சார்ஜன் பதவி சரீப் கொடுத்தது.

உலக யுத்த காலத்தில் பட்டினப் பொலிஸில் பன்னிரண்டு பேரைப் பட்டாளத்தோடு சேர்த்து, துவக்கும் கொடுத்து, துறைமுகக் காவலுக்கு விட்டார்கள். “தலையில பொலிஸ் தொப்பி, இடுப்பில ஆமி பெல்ட். பிழை விட்டா மட்டும் முழு ஆமி,” என்பார். ஒவ்வொரு காவலிடத்துக்கும் ஒரே ஒரு விசில். மாற்ற வருகிறவன் குதிகளைச் சேர்த்து வலக்கையை நீட்டவேண்டும். நிற்கிறவன் அந்தக் கையில் விசிலை வைப்பான். அதன் பிறகே அவன் கால் அசையலாம். குண்டு விழுந்தாலும் அதற்கு முன் அசையக்கூடாது. புத்தகத்தில் கையெழுத்து வைப்பது வேறு விடயம். “அது கந்தோருக்கு. விசில்தான் காவலுக்கு.”

நாற்பத்திரண்டு சித்திரையில் ஜப்பான் விமானங்கள் வந்த அன்று, இந்தத் தளத்தில் இரவுக் காவல் நின்றவர் இரத்தினசிங்கம். விடிய ஆறரைக்கு அவரை மாற்றியவர் முத்தலிப். புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. அடுத்த அரைமணி நேரத்துக்குள் குண்டு விழுந்து, தளத்தின்மேல் நின்ற காவற்கூண்டு இல்லாமல் போயிற்று. முத்தலிப் உயிரோடு இருந்தார், பதக்கம் கொடுத்தார்கள். இரத்தினசிங்கத்தை யாரும் காணவில்லை. அன்று பாதிப் பட்டினம் காட்டுக்குள் ஓடியது. காவல் முடிந்து போனவரும் அதோடு ஓடிவிட்டார் என்று எழுதி மூடினார்கள்.

பதக்கம் குசினி அலுமாரியில், சீனிப் போத்தலுக்குப் பின்னால் கிடக்கிறது. அதை அவர் எனக்குக் காட்டியதில்லை. கிடக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஏழு மணியாகும்போது முகத்தைத் திருப்பாமல் கேட்பார்:

“விசில் கேட்டதோ?”

“இல்லை.”

“சரி.”

மார்கழி மழையில் ஒருநாள், நனைந்த மண்ணிலிருந்து பழைய எண்ணெய் மணம் எழுந்தது. அன்று இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அதைப் பற்றி இருவரும் பிறகு கதைக்கவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை, சித்திரையில், இரத்தினசிங்கத்தின் மனைவி புஸ்பராணி பட்டினத்திலிருந்து வருவார். நெற்றி நிறையக் குங்குமம். முத்தலிப்பை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவார். கேள்வி ஒன்றுதான்.

“நானா, விசிலைத் தரேக்க அவர் என்ன சொன்னவர்?”

சப்பாத்துக் கடிக்குது என்றவர் என்பார் முத்தலிப், ஒரு வருடம். பிள்ளைக்குக் காய்ச்சல், வேளைக்குப் போகவேணும் என்றவர் என்பார் இன்னொரு வருடம். அந்த ஒரு வரியோடு புஸ்பராணி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

இந்த முறை மாசியிலேயே வந்தார். கையில் அச்சகம் கொடுத்த அழைப்பிதழ் மாதிரித் தாள். மகளுக்குக் கலியாணம்.

“அவற்ற பேருக்கு முன்னால ‘காலஞ்சென்ற’ எண்டு போடுறதோ விடுறதோ எண்டு பிறஸ்காரன் கேக்கிறான். பொட்டோட மணவறைக்குக் கிட்ட நிக்கிறதோ, அழிச்சுப்போட்டு மூலையில நிக்கிறதோ? நான் என்னத்தைச் சொல்ல, நானா? கடைசியாக் கண்டவர் நீங்கள்தானே.”

முத்தலிப் தளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் காணேல்ல, தங்கச்சி.”

புஸ்பராணி தாளை மடித்தார்.

“முதல்நாள் பின்னேரமே புத்தகத்தில கையெழுத்து வெச்சிட்டன், ஆறரைக்குப் பொறுப்பெடுத்தனான் எண்டு. எல்லாரும் அப்பிடித்தான். புத்தகம் இருந்தது ஒரு மைல் தள்ளி. விடிய, ஆதம்பாவா தன்ர கடையில ரொட்டி சுடச்சுடப் போட்டுக்கொண்டு நிண்டான். நானும் நிண்டுட்டன். இஞ்ச வந்து சேரேக்க கூண்டும் இல்ல, ஆளும் இல்ல. காவலில நிண்டனியோ எண்டு வெள்ளைக்காரன் கேட்டான். இல்லையெண்டாப் பட்டாளச் சட்டம். ஓமெண்டுட்டன்.”

“அப்ப, சப்பாத்து?”

“நான் சொன்னது.”

“பிள்ளைக்குக் காய்ச்சல்?”

“அதும் நான்தான்.”

புஸ்பராணி ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னிடம் பென்சில் கேட்டு வாங்கினார். தாளை விரித்து உள்ளங்கையில் வைத்து, கணவரின் பெயருக்கு முன்னால் பென்சிலை ஊன்றினார். ஊன்றியபடியே நின்றார்.

“விசில் குடுக்காமல் அவர் போயிருக்க மாட்டார்,” என்றார். “சொன்னாக் கேக்கிற மனிசன். இருபத்துமூண்டு வருசமா நிக்கிறார். கால் என்னத்துக்கு ஆகும்?”

புஸ்பராணி பென்சிலை எடுக்காமல் கண்ணால் தளத்தைக் காட்டினார்.

“முதல்ல பொறுப்பெடுங்கோ, நானா. அதுக்குப் பிறகு எழுதுறன்.”

முத்தலிப் சீமெந்தின்மேல் கால் வைத்தார். எதிரே ஓர் ஆள் நிற்க இடம் விட்டுக் குதிகளைச் சேர்த்தார். வலக்கையை நீட்டி உள்ளங்கையை விரித்தார். காற்று இல்லை. சற்று நேரத்தில் அந்தக் கை, எதையோ வாங்கியதுபோல், ஓர் அங்குலம் தாழ்ந்தது.