என்னை அவுட்டாக்கியவள்

என்னை முதன்முதலாக அவுட்டாக்கியவள் எங்கள் தோட்டத்துக் கங்காணியின் மகள். அதற்காக அவளை நான் திட்டாத திட்டில்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய நன்றியை, கேட்க அவள் பக்கத்தில் இல்லாத இந்தக் காலத்தில் எழுதி வைக்கிறேன். என்ன செய்வது, எனக்குப் புத்தி எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

அப்போது எனக்கு ஏழு வயது. வெள்ளைக்காரர்களின் முதல் பெரிய சண்டை முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அம்மாவும் அப்பாவும் பால் வெட்டினார்கள். லயம் என்றால் வரிசையாகக் கட்டிய கூலி வீடுகள்; எங்களுடையது கோடி லயம். கூலிகளை மேய்க்கும் கங்காணியும் அவருடைய சனங்களும் இருந்தது மேட்டு லயம். இரண்டுக்கும் நடுவே ஒரு வடிகால். அவர்களுக்கு ஒரு கிணறு, எங்களுக்கு ஒரு கிணறு. கோயிலில் நாங்கள் நிற்கும் இடமும் தனி. பிறந்ததிலிருந்து பார்த்து வந்த சங்கதி என்பதால், ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

ஈப்போவில் மிஷன் பள்ளிக்கூடம் நடத்திய ஓர் அமெரிக்கப் பெண்மணி சனிக்கிழமைதோறும் தோட்டத்துக்கு வருவார். மிஸ்ஸியம்மா என்போம். அவர் தமிழை வேதப் புத்தகத்தில் கற்றவர். ‘உட்காருங்கள்’ என்று சொல்லத் தெரியாது, ‘உட்காருவீர்களாக’ என்பார். ஒருநாள் உருட்டுக் கட்டை ஒன்றும், தோலால் தைத்த பந்து ஒன்றும் கொண்டுவந்தார். ரப்பர்ப் பால் ஸ்டோருக்குப் பின்னாலிருந்த வெளியில் நாலு கோணிச்சாக்குகளை விரித்து, இதற்குப் பெயர் பேஸ்பால் என்றார்.

முதல் வாரம் முழுக்கச் சொற்கள்தான். எறிகிறவர் பிச்சர், அடிக்கிறவர் பேட்டர், வீசிய பந்தை அடிக்காமல் விட்டால் ஸ்ட்ரைக். சாக்கின் மேல் நின்றால் சேஃப், கடைசிச் சாக்குக்குப் பெயர் ஹோம். வாய்ப்பாடு சொல்வதுபோல் கூட்டமாகக் கத்தினோம். வீட்டிலும் எனக்கு அதே பைத்தியம். அப்பா வேலை முடிந்து வாசலை மிதித்ததும் ‘சேஃப்!’ என்று கூவுவேன். அவரும் பாவம், என்ன ஏது என்று தெரியாமலே தலையை ஆட்டுவார்.

சின்னப் பிள்ளைகள் என்பதால் விதிகளை மிஸ்ஸியம்மா ஒன்றாகச் சுருக்கிவிட்டார். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடுகிறவரைத் தொட வேண்டும். தொட்டால் அவுட். ஒரு மாதம் அவுட்டே ஆகாதவரை ரயிலில் ஈப்போவுக்கு அழைத்துப்போய் அங்குள்ள பள்ளிப் பிள்ளைகளோடு ஆடவிடுவேன் என்றும் சொன்னார். நான் ரயிலைத் தூரத்தில் நின்று பார்த்தவள். எனக்குத் தூக்கம் போயிற்று.

கோடி லயத்திலிருந்து ஆட வந்தவள் நான் ஒருத்திதான். மற்ற பிள்ளைகள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் அடித்துவிட்டுக் கட்டையைத் தரையில் போடுவேன். மேட்டு லயத்துப் பிள்ளை அதைப் புழுதியில் ஒரு புரட்டுப் புரட்டி எடுக்கும். அதைத் தமிழ் மரியாதை என்று நினைத்தாரோ என்னவோ, மிஸ்ஸியம்மாவும் கட்டையைத் தரையில் வைத்தே கொடுக்க ஆரம்பித்தார். அவரே செய்வதைப் பார்த்து, இது அமெரிக்கச் சட்டம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்று சனிக்கிழமை போயிற்று. மற்றவர்கள் எல்லாரும் அவுட்டானார்கள், நான் ஆகவில்லை. துரத்தி வருகிறவர்கள் ஒரு முழம் தள்ளியே நின்றுவிடுவார்கள். அம்மாடி, என் கால்களுக்கு அத்தனை வேகமா என்று எனக்கே மலைப்பாக இருந்தது. லயம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். ஈப்போவுக்குப் போட்டுக்கொள்ள அம்மா ஒரு பாவாடையைக்கூட மடித்து வைத்துவிட்டாள்.

நாலாவது சனிக்கிழமை, மூன்றாவது சாக்கைத் தாண்டி ஹோமுக்கு ஓடினேன். பந்தோடு துரத்தியவள் கங்காணி மகள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், ரெட்டைச் சடை. யார் தொடப்போகிறார்கள் என்ற தைரியத்தில் நான் நடக்கவே ஆரம்பித்துவிட்டேன். அவள் வழக்கம்போல் ஒரு முழம் தள்ளி நின்றாள். “தொடுவாயாக!” என்று மிஸ்ஸியம்மா கத்தினார். அவளுடைய அண்ணன் ஓரத்திலிருந்து, “வேணாம், வூட்டுக்கு வா” என்றான். அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எட்டி வந்து பந்தோடு சேர்த்து உள்ளங்கையை என் முதுகில் அழுத்தினாள்.

“இத்தன நாளும் நீ ஜெயிக்கல. ஒன்னைய யாரும் தொடல, அவ்வளவுதான்” என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

பொறாமை பிடித்தவள் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுதேன். மிஸ்ஸியம்மா மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தார். அவளை அவளுடைய அண்ணன் கையைப் பிடித்து இழுத்துப் போனான்.

அடுத்த வாரம் மேட்டு லயத்துப் பிள்ளைகளை அனுப்பவில்லை. ஆட்டம் நின்றது. மிஸ்ஸியம்மா செமோர் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். என் ரயில் போயே போய்விட்டது. வருஷக்கணக்காக அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தத் தோட்டத்தில் என்னையும் ஓர் ஆட்டக்காரியாக மதித்து ஆடியவள் அவள் ஒருத்திதான் என்பது விளங்கியபோது அவள் கல்யாணமாகி எங்கேயோ போயிருந்தாள். மகராசி, எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அவுட்டான அன்று சாயங்காலம் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, அம்மா அவளிடம் சண்டைக்குப் போவாள் என்று எதிர்பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கோபப்படவில்லை. எங்கே தொட்டாள் என்று மட்டும் கேட்டாள். முதுகைக் காட்டினேன். அந்த இடத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

வடிகாலுக்கு அந்தப் பக்கம், மேட்டு லயத்துக் கிணற்றடியில், கங்காணியின் மனைவி மகளை நிறுத்தி வைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாவாடை சட்டையோடு, சடையைக்கூட அவிழ்க்காமல். மகள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நின்றாள்.

எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

“அவளுக்கு மட்டும் குளிப்பாட்டுறாங்க. நானுந்தானம்மா ஓடுனேன், எனக்கும் வேர்த்திருக்கு. எனக்கும் ஊத்து” என்றேன்.

அம்மா எங்கள் கிணற்றில் ஒரு குடம் இறைத்து என் தலையில் ஊற்றினாள். ஜில்லென்று இருந்தது. இன்னும் ஊற்று, இன்னும் ஊற்று என்று நான் குதித்துக் குதித்துச் சிரித்தேன்.