கதையை அப்புறம் சொல்லுங்க

என் அக்கா புருஷனிடம் யார் கிட்டாரைக் கொண்டுவந்தாலும் முதலில் அவர் சொல்லும் வார்த்தை, "கதையை அப்புறம் சொல்லுங்க." வந்தவர் ஆசையாக வாயைத் திறந்திருப்பார்; அப்படியே மூடிக்கொள்வார். யார் வாசித்தது, எந்த மேடை, எந்த வருஷம் என்று எதுவும் சொல்லக் கூடாது. பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். கதையைக் கேட்டால் கண் கெட்டுப்போகும் என்பது மாமாவின் கொள்கை.

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் அசலா போலியா, யார் யார் கை மாறி வந்தது என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவர் பிழைப்பு. அவருடைய பட்டறைக்கு அடுத்த கதவு என் கடை. வளையல், சீப்பு, பவுடர் டப்பா விற்கிற கடை. அப்பா வைத்துவிட்டுப் போனது. வாயை மூடிக்கொண்டு வெளியே வருகிறவர்களுக்கு நான் ஒரு ஸ்டூல் போட்டு வைத்திருக்கிறேன். மாமா கேட்காத கதையையெல்லாம் கேட்டுத் தொலைப்பது யார் தலையெழுத்து என்று சொல்லவும் வேண்டுமா?

ஆரம்பத்தில் அவர் ரேடியோ ரிப்பேர்காரர். ரேடியோ பிழைப்பு கழுதை தேய்ந்து கட்டெறும்பான சமயத்தில், ஒரு வாத்தியக்காரர் இரைகிற கிட்டார் ஒன்றைக் கொண்டுவந்தார். தன் வயசுக்கு மூத்த கிட்டார் என்று நம்பி வாங்கியது. மாமா மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி கம்பி அப்ப பிறக்கவே இல்லையே" என்றார். அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து அழுதார். அழுதவர் சும்மா போகாமல் ஊரெல்லாம் சொன்னார். அன்றிலிருந்து மாமாவுக்குத் தொழில் மாறிவிட்டது.

தெருவில் அவருக்கு மோப்பம் என்று பெயர். ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் கிட்டாரின் குழிக்குள் மூக்கை விட்டுவிடுவார். பழைய வார்னிஷ் லேசாக இனிக்கிற மாதிரி வாசனை அடிக்குமாம்; புதுசு என்றால் தின்னர் நெடி காட்டிக்கொடுத்துவிடும். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஊதா விளக்கைப் போடுவார். அந்த வெளிச்சத்தில் பழைய பூச்சு மங்கலாகப் பச்சை அடிக்கும், ஒட்டுப்போட்ட இடம் கறுத்துக் கிடக்கும். பிறகு உள்ளே இருக்கும் வால்யூம் திருகின் முதுகில் குத்தியிருக்கும், தயாரித்த வருஷத்தைச் சொல்லும் எண், கடைசியாக மரத்தின் ரேகை. பழைய மேடைப் புகைப்படங்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருக்கிறார்; படத்தில் இருக்கிற கிட்டாரின் ரேகையும் கையில் இருக்கிற கிட்டாரின் ரேகையும் ஒன்றா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பார். ரேகை பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்வான் என்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்படி ஒரு சந்தேகப் பிராணிக்கு அக்காவைக் கொடுத்தோமே என்று கல்யாணமான நாள் முதல் நினைத்து வருகிறேன்.

அன்றைக்கு வந்தவள் டாக்ஸி ஓட்டுகிற பெண். வழக்கம்போல "அப்புறம் சொல்லுங்க" வாங்கிக்கொண்டு என் ஸ்டூலுக்கு வந்தாள். கிட்டார் அவள் அப்பாவுடையது. எங்கள் தெருமுனையில் ஒரு காலத்தில் இசை அரங்கம் இருந்தது. இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். அங்கே ஒரு குழு வாசித்ததை அப்படியே பதிவு செய்து வெளியிட்ட இசைத்தட்டு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் கிட்டார் வாசித்தது தான்தான் என்று அவள் அப்பா ஆயுசு முழுக்கச் சொல்லி வருகிறாராம். வழக்கமாக வாசிக்கிறவருக்குக் காய்ச்சல், ஒரு நாளைக்கு மட்டும் இவரைக் கூப்பிட்டார்களாம். இசைத்தட்டின் உறையில் காய்ச்சல்காரர் பெயர்தான் இருக்கிறது.

"சொந்தக்காரங்க எல்லாம் அவரைக் கிண்டல் பண்ணுவாங்க. நானும் சின்ன வயசுலயே நம்பறதை விட்டுட்டேன்," என்றாள். "இப்ப அவருக்கு உடம்பு முடியல. அவர் இருக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சாகணும்ணே." கிட்டாரை விற்கிற எண்ணமே அவளுக்கு இல்லை. அப்பா பொய்யரா இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

மாமா வெளியே வந்தார். மரமும் சரி, கழுத்தும் சரி, நல்ல காலத்துக் கிட்டார்தான் என்றார். ஆனால் உள்ளே யாரோ கை வைத்திருக்கிறார்கள், ஒலியின் கூர்மையைக் கட்டுப்படுத்துகிற கண்டென்சரை மாற்றியிருக்கிறார்கள், அதனால் சான்றிதழில் அசல் என்று எழுத முடியாது. பெட்டிக்குள் அவள் வைத்திருந்த பழைய படம் எந்த மேடையில் எடுத்தது என்று தெரியவில்லை; அதிலும் மரத்தின் ரேகையை அவள் அப்பாவின் கை மறைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிகழ்ச்சிக்கும் இந்தக் கிட்டாருக்கும் முடிச்சுப் போட ஒன்றும் அகப்படவில்லை.

"அப்ப எங்கப்பா சொல்றது பொய்யா சார்?"

"நான் மரத்தைப் பத்தித்தான் சொல்வேம்மா. மனுஷங்களைப் பத்தி இல்ல."

அவள் முகம் வாடிவிட்டது. சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று டாக்ஸியை எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு மாமாவை நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது. நல்லவேளை, அக்கா சாப்பிடக் கூப்பிட வந்தாள்.

மாமா அவளிடம் புலம்பினார். "இங்க பாரு, எவனோ ஒரு அரைகுறை பத்தவெச்சிருக்கான். ஈயத்தை அள்ளிக் கொட்டியிருக்கான். கம்பியைச் சுத்தின திசையைப் பாரு, இடதுகைக்காரன். போதாக்குறைக்குக் கறுப்பா ஒரு பொட்டு வேற வெச்சிருக்கான்."

அக்கா குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இந்தத் தெருவுல எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒரு இடதுகைதான் சூட்டுக்கோல் பிடிச்சுது," என்று சொல்லிவிட்டு, தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி அந்தப் பொட்டை லேசாகச் சுரண்டினாள். கறுப்புக்கு அடியில் பச்சை தெரிந்தது.

அந்தப் பச்சையை எனக்கும் தெரியும். அப்பா ஏமாந்து வாங்கிய நெயில் பாலிஷ். ஒரு பெட்டி நிறைய. வாங்க ஆளில்லாமல் கிடந்ததை அக்கா ஒருத்திதான் பூசிக்கொண்டு திரிந்தாள். பக்கத்து ரேடியோக் கடைப் பையன், தான் செய்த ரிப்பேர் திரும்பி வந்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்று சாக்குச் சொல்லி, அவளிடம் ஒரு குப்பி வாங்கிப் போனான். அந்தக் குப்பி காய்ந்துபோகும் முன்பே மாப்பிள்ளையாகிவிட்டான்.

ஊரார் செய்த கோளாறையெல்லாம் லென்ஸ் வைத்துப் பிடிக்கிற மனிதருக்குத் தன் கைவேலை தெரியவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தார். எத்தனையோ ரேடியோ, எத்தனையோ ஒலிபெருக்கி. இந்தக் கிட்டார் அவருக்கு ஞாபகமே இல்லை.

சாப்பிடாமல் எழுந்தார். அலமாரியிலிருந்து அந்த இசைத்தட்டை எடுத்துப் போட்டார். அதில் கிட்டார் மட்டும் ஜலதோஷம் பிடித்த தொண்டைபோல மந்தமாக ஒலிக்கும். அந்த ஒலியைக் கொண்டுவர என்னென்னவோ செய்து பார்த்துத் தோற்றவர்கள் உண்டு. மாமா அந்தப் பெண்ணின் கிட்டாரை ஒலிபெருக்கியில் சொருகி ஒரு தந்தியைத் தட்டினார். அதே ஜலதோஷம். கிட்டாருக்கு உண்டான கண்டென்சர் கையில் இல்லாமல், அன்றைக்கு ரேடியோவுக்கானதை வைத்துச் சமாளித்திருக்கிறார். கூர்மையெல்லாம் அதில் அடங்கிப்போயிருக்கிறது. உலகம் மெச்சின ஒலி, ஒரு அரைகுறையின் தப்பு. மறுபடி தட்டினார், மறுபடி இசைத்தட்டைக் கேட்டார். சந்தேகப்பட இடமில்லை என்று ஆனதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் அந்தப் பெண் வந்ததும் நடந்ததைச் சொன்னார். தன் கை பட்ட கிட்டாருக்குத் தானே சான்றிதழ் எழுத முடியாது, சாட்சி சொல்லலாம், அதுவும் உங்கள் அப்பாவிடம் நேரில் என்றார். அக்காவும் நானும் கூடவே டாக்ஸியில் ஏறிக்கொண்டோம்.

மூன்றாவது மாடியில் சின்ன வீடு. பெரியவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். மகள் விஷயத்தை உடைக்கப் போனாள். மாமா கண்ணைக் காட்டித் தடுத்தார். பெட்டியைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஐயா, கதையை முதல்ல சொல்லுங்க," என்றார். என் காதால் கேட்டேன். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

பெரியவருக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மேடை ஏறப் போகிற நேரத்தில் கிட்டார் ஊமையாகிவிட்டதாம். கையில் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியிருக்கிறார். திறந்திருந்தது ஒரு ரேடியோக் கடை மட்டும்.

"ஒரு பையன் இருந்தான். இடது கையால பத்தவெச்சான். அவன் வேலையைப் பாத்து, இன்னைக்கு மேடை ஏறின மாதிரிதான்னு நினைச்சேன். அவன் கண்ணு கிட்டார் மேலயே இல்ல. பக்கத்துக் கடைப் பொண்ணு ஒண்ணு வந்து நின்னு, அவன் வெச்ச பொட்டு காயட்டும்னு ஊதிட்டு இருந்தா. பச்சை நகம். அவளையே பாத்துட்டு இருந்தான்."

என் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அறுபதைத் தாண்டியவள் வெட்கப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டாக்ஸிக்காரப் பெண் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இதையெல்லாம் சொல்லியிருக்கீங்களாப்பா?"

"எத்தனையோ தடவை. நீ பாதியிலயே எழுந்து போயிடுவ."

அவள் அவர் முழங்காலில் தலையை வைத்து அழுதாள். மாமா எழுந்து தன் இடது கையை அவர் முன்னால் நீட்டினார். "அந்த அரைகுறை நான்தான்யா. அந்தப் பொண்ணு இதோ."

பெரியவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மாமாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, கால் வலிக்க நடந்து வந்தவர்போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அப்பாடா," என்றார். "இனிமே நீங்க சொல்லுங்க தம்பி. எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு."