தேயிலைக்குள் படுத்துக் காற்று வீசிய நாள்

கண்டியில் ஒரு கடைமாடியில் தையல் கடை வைத்திருந்த காலத்தில், நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஃபேஷன் படப்பிடிப்பு நடத்தினோம். கவுன் என்னுடையது. மேக்கப், பக்கத்தில் அழகு நிலையம் நடத்திய யாழ்ப்பாணத்து அக்காவுடையது. கேமரா, கல்யாண வீடுகளில் படமெடுக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனுடையது. கவுனுக்குள் நிற்க, பேராதனையில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஒப்புக்கொண்டாள். யாருக்கும் கூலி இல்லை. படங்கள் எல்லோருக்கும் சொந்தம்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் நானா.

"மடுல்கெல்லக்குப் போவோம். தேயிலைத் தோட்டத்து ஆபீஸ்ல பேசிட்டன்" என்றார்.

பேராதனைப் பூங்காவில் நிழல் நன்றாயிருக்கும் என்றேன். மடுல்கெல்லயில் அட்டை கடிக்கும் என்றேன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேள்விப்பட்டேன் என்றேன்.

நான் பிறந்தது அந்தத் தோட்டத்து மேல் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். பதினேழு வயதில் தையல் படிக்கக் கண்டிக்கு வந்தேன். பிறகு அப்பாவும் அம்மாவும் தம்பியோடு கொழும்புப் பக்கம் போய்விட்டார்கள். கடைக்கு வருகிறவர்கள் ஊர் எது என்று கேட்டால் கண்டி என்பேன். முதலில் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டேன். பிறகு திருத்துவதற்குச் சந்தர்ப்பம் அமையவில்லை. பத்து வருடமாக அமையவில்லை.

படப்பிடிப்பு அன்று மலையில் ஒரு இலைகூட அசையவில்லை. கவுனுக்கு நான் வைத்திருந்த நீண்ட வால், ஈரத் துணிபோல மண்ணில் கிடந்தது.

"காத்து இல்லாட்டி கவுன் செத்துப்போன மாதிரி ஈக்கிது" என்றார் நானா. "தங்கச்சி, நீங்க செடிக்குக் கீழ படுத்துக்கொண்டு நுனியப் புடிச்சு ஆட்டுங்க."

உடனே சம்மதித்தேன். செடிக்குக் கீழே படுத்திருந்தால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். தேயிலைத் தூருக்குள் தலையைக் கொடுத்துப் படுத்து, கவுனின் நுனியை ஆட்டினேன். மேலேயிருந்து குரல் மட்டும் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் காத்து! இன்னும்! தங்கச்சி, இது புயல். கொறைங்க."

அந்த நேரத்தில்தான் மேல் பாதையில் வந்த கங்காணி, செடிகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைக் கண்டார்.

"யாரோ மயங்கி விழுந்து கெடக்கு! ஓடியாங்க!"

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். இருவர் ஆளுக்கொரு காலைப் பிடித்து என்னை வெளியே இழுத்தார்கள். நான் கவுனை விட்டிருக்க வேண்டும். தைத்த கை, விடவில்லை. இடுப்புத் தையல் பிரிகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். உணர்ச்சியில்லாமல் தூரத்து மலையைப் பார்க்கும்படி கவுனுக்குள் நின்ற பெண்ணிடம் சொல்லியிருந்தோம். இடுப்பு பிரிந்த பிறகும் அவள் உணர்ச்சியில்லாமல் தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானா படமெடுப்பதை நிறுத்தவில்லை.

காலை இழுத்தவர்களில் ஒருத்தி குனிந்து என் முகத்து மண்ணைத் துடைத்தாள்.

"என்ன புள்ள, மயக்கமா?"

"இல்ல. காத்து."

"காத்தா?"

"கவுனுக்கு."

அவள் கை அப்படியே நின்றது. "அடியே, இது நம்ம மேல் லயத்துப் புள்ளடி! அஞ்சாம் ஆண்டு வரைக்கும் எங்கூடப் படிச்சவ!"

எல்லோருக்கும் கேட்டது. அவளை எனக்கும் அடையாளம் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். "ஆமா, நான்தான்" என்றேன். முகம் எரிந்தது. மெதுவாகத் திரும்பி யாழ்ப்பாணத்து அக்காவைப் பார்த்தேன். அவர் பவுடர் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

"ஓம், எனக்கு முதலே விளங்கிட்டுது. காலமை நீர் தேயிலை நிரைக்குள்ள நடந்த நடையப் பாத்தனான். என்ர சீலை ரெண்டு இடத்தில கிழிஞ்சுபோச்சு. உம்மட துப்பட்டாவில ஒரு குச்சிகூட மாட்டேல்ல."

"ஏன் கேக்கல?"

"நீர் சொல்லேல்ல. நான் ஏன் கேக்க?"

இந்தக் கட்டத்துக்காகப் பத்து வருடமாக ஒரு விளக்கம் தயாராக வைத்திருந்தேன். நீளமான விளக்கம். அதை யாரும் கேட்கவில்லை. நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

பெண்கள் சுற்றி நின்று மறைத்துக்கொள்ள, கவுனை அந்தப் பேராதனைப் பெண்ணின் உடம்பில் வைத்தே தைத்தேன். என்னோடு படித்தவள் துணியைப் பிடித்துக்கொண்டாள்.

"இத எதுக்குப் போடுறது? கல்யாணத்துக்கா?"

"எதுக்கும் இல்ல. படத்துக்குத்தான்."

கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நல்லாத்தான் இருக்கு."

பிறகு அவளும் இன்னொருத்தியும் செடிக்குப் பின்னால் குந்தி வாலைப் பிடித்துக்கொண்டார்கள். "நீ எந்திரிச்சு நில்லு புள்ள. காத்த நாங்க பாத்துக்கிறோம்" என்றாள். வேலைக்குத் திரும்பும்படி கங்காணி சத்தம் போடும்வரை வீசினார்கள். என் காற்றைவிட அது நன்றாயிருந்தது. நானா கடைசியில் தேர்ந்தெடுத்ததும் அந்தப் படத்தைத்தான்.

கிளம்பும்போது, எங்கள் பழைய வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது, பார்த்துவிட்டுப் போ என்றாள் என்னோடு படித்தவள். மற்றவர்கள் வேனில் காத்திருப்பதாகச் சொன்னேன். அதைக் கேட்டு நானா கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு இறங்கினார்.

"வாங்க தங்கச்சி, பாத்துட்டே போவோம்."

நாலு பேரும் மேல் லயத்துக்கு ஏறினோம். உடம்போடு தைத்த கவுனை அங்கே அவிழ்க்க வழியில்லாததால், அந்தப் பெண் அதிலேயே வந்தாள். வாலை யாழ்ப்பாணத்து அக்கா தூக்கிப் பிடித்திருந்தார். லயத்து வாசலில் நின்ற ஒரு அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, கல்யாணப் பொண்ணு எந்த ஊர் என்று என்னைக் கேட்டார்.