பெரிய பொட்டு வைத்த பேட்டரி

நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் ஒரு காருக்கு இருந்த மரியாதை எனக்கு இருந்ததில்லை. இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வயதானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, ஆற வேண்டிய அவசியமும் தெரியவில்லை.

அறுபதுகளின் நடுவில் செஞ்சி பஜாரில் என் மாமனாருக்கு மல்லாட்டை மண்டி இருந்தது. நிலக்கடலையைத்தான் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். முன்னால் கடை, பின்னால் வீடு, பக்கத்தில் மூட்டை அடுக்கும் கிடங்கு. என் கணவர் இளையவர், அப்பாவோடு கடையில் இருந்தார். மூத்தவர் மெட்ராஸில் வியாபாரம் செய்தார். அந்த மூத்தவர், புதுச்சேரியை விட்டுத் தன் நாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் கூரையில்லாத ஒரு பந்தயக் காரை வாங்கிவிட்டார். இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாகத் தவழும். மெட்ராஸில் நிறுத்த இடமில்லை என்று கொண்டுவந்து எங்கள் கிடங்கில் விட்டார். அதற்காக மூட்டைகளை வெளியே எடுத்துத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மழையில் மல்லாட்டை நனைந்தது, கார் நனையவில்லை.

தீபாவளி, பொங்கல் என்று வருஷத்துக்குச் சில தடவை மூத்தவர் வருவார். ராஜகிரிக் கோட்டை அடிவாரம் வரைக்கும் ஒரு சுற்று, வல்லம் ரோட்டில் ஒரு சுற்று. அவ்வளவுதான் அந்தக் காரின் உழைப்பு. ஓடாத காரின் பேட்டரி தானாகவே செத்துப்போகும். அதற்காக ஒரு சார்ஜர் பெட்டியையும் வாங்கி வைத்திருந்தார். சுவர் பிளக்கில் மாட்டினால் பேட்டரிக்குச் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் இறக்கிக்கொண்டே இருக்கும். அவர் வந்து சாவியைத் திருப்பியதும் வண்டி உறும வேண்டும், அதுதான் உத்தரவு. அந்தப் பிளக்குக்காகவே கிடங்குக்குத் தனியாக லைன் இழுத்தார்கள். நான் துணி மடித்து வைக்கும் பின்கட்டு அறைக்குச் சிம்னி விளக்குதான்.

பெட்டியைப் பார்த்து எல்லோருக்கும் பயம். மாமனார் என்னைக் கூப்பிட்டார்.

"நீதான எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவ? சைன்ஸெல்லாம் தெரியுமே. நீயே பாத்துக்க."

நான் விடவில்லை. அப்போது கிராம சேவிகா வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் பேசுகிற வேலை. அது கிடைத்தால் இந்த வீட்டிலிருந்து பகலிலாவது வெளியே இருக்கலாம் என்பது என் கணக்கு.

"பாத்துக்கறேன் மாமா. ஆனா இன்டர்வியூ வந்தா என்னை அனுப்பணும்."

"போய்ட்டு வாயேன், யாரு வேணாங்கறது? மொதல்ல வண்டி நல்லா இருக்கட்டும்."

கடையில் நாலு பேர் கேட்கத்தான் சொன்னார். நான் அதை நம்பினேன்.

ஏற்றுக்கொண்ட வேலையை அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. பேட்டரியின் இரண்டு முனைகளிலும் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் விட்டுத் துடைத்தேன். துடைத்த இடத்தில் வாசலைன் தடவினேன். சிவப்பு ஒயரின் கிளிப்பைக் கூட்டல் குறி உள்ள தடித்த முனையில் கடிக்கவிட்டேன், அப்புறம் கறுப்பைக் கழித்தல் முனையில். எல்லாம் முடிந்த பிறகுதான் சுவரில் சுவிட்சைப் போடுவேன். எடுக்கும்போது முதலில் சுவிட்ச், பிறகு கிளிப்புகள். பானெட் மூடும்போது ஒயர் நசுங்கக்கூடாது என்று ஓரத்தில் ரப்பர் விட்டுப்போன இடுக்கு வழியாக வெளியே இழுத்தேன். யார் காலும் தடுக்காதபடி சுவரோரமாகக் கொண்டுபோய் ஆணியில் நூல் கட்டி நிறுத்தினேன். மாமனார் வந்து பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்குது" என்றார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. சந்தோஷப்பட்டேன், அந்த வயதுக்கு அது போதுமாக இருந்தது.

புரட்டாசியில் இன்டர்வியூ கார்டு வந்தது. ஆயுத பூஜை முடிந்து வருகிற திங்கட்கிழமை, விழுப்புரத்தில். மாமனாரிடம் காட்டினேன். சரி என்று தலையாட்டினார்.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் நான் வீட்டுக்கு விலக்கானேன். அந்த மூன்று நாளும் பின்கட்டு அறையை விட்டு நகரக்கூடாது, பூஜைக்குரிய எதையும் தொடக்கூடாது. தராசு, படிக்கல், கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் பூஜை உண்டு. காருக்கு இல்லாமலா? கிளிப்புகளைக் கழற்றிவிட்டு வண்டியைக் கிடங்கு வாசலுக்குத் தள்ளினார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், விளக்குக்கு மாலை. பானெட்டையும் திறக்கச் சொன்னார் என் மாமியார். உள்ளே இருக்கிற பேட்டரிதானே வண்டிக்கு உயிர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதன் தலையிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, இரண்டு முனைகளிலும் குங்குமப் பொட்டு வைத்தார். இதெல்லாம் பின்கட்டிலிருந்த எனக்குக் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

பூஜை முடிந்து வண்டி உள்ளே போனது. கிளிப்பை இனி என் கணவர்தான் மாட்டியாக வேண்டும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கிருந்தே குரல் கொடுத்தேன்.

"இன்னாங்க, சிவப்புக் கிளிப்பு தடியா இருக்கற முனைக்கு. மெல்லிசா இருக்கறதுக்குக் கறுப்பு. கேக்குதா?"

அவருக்குக் கேட்டதோ இல்லையோ, மாமியாருக்குக் கேட்டது.

"நல்ல நாளும் அதுவுமா அங்கிருந்து கத்தாத! பூஜை போட்ட எடத்துல உன் கொரலு கேக்கணுமா? அவனுக்குத் தெரியாதா?"

வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் கிடங்கிலிருந்து அழுகின முள்ளங்கி நாற்றம் வந்தது. சார்ஜர் பெட்டிக்குள் எதுவோ எரிந்து கருகிவிட்டது. காரில் சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. என் மாமனார் பேட்டரியைப் பார்க்கவில்லை, ஒயரைப் பார்க்கவில்லை, நேராகக் கூடத்துக்கு வந்து பின்கட்டுப் பக்கம் திரும்பி நின்று கத்தினார்.

"தீட்டு பட்டுடுச்சி! வெலக்கா இருக்கறப்ப எதுக்கு வண்டியப் பத்திப் பேசணும்? பெரியவன் தீவாளிக்கு வந்து கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? இன்டர்வியூவும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. கெடக்கட்டும் வீட்ல."

எழுந்தேன். கூடத்தின் நடுவாகவே நடந்து கிடங்குக்குப் போனேன். மாமியார் "ஐயையோ, உள்ள வரா, உள்ள வரா" என்று கதவைப் பிடித்துக்கொண்டு அலறினார். அலறட்டும் என்று பானெட்டைத் தூக்கினேன். கிளிப்புகள் இன்னும் அப்படியே இருந்தன. சிவப்பு ஒயர் கடித்திருந்த முனையிலிருந்து சந்தனத்தையும் குங்குமத்தையும் முந்தானையால் துடைத்தேன். அடியில் கழித்தல் குறி பளிச்சென்று தெரிந்தது.

"யாரு மாட்டுனது? சொல்லச் சொல்லுங்க" என்று பின்னாலேயே வந்து நின்ற மாமனாரிடம் கேட்டேன்.

என் கணவர் ஆணியில் நான் கட்டியிருந்த நூலையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சிவப்பு ஒயரு சிவப்புக்குன்னு தெரியும் நைனா. ரெண்டுமே சிவப்பா இருந்துச்சி. குறி எதுவும் தெரியல. பெரிய பொட்டு எதுல இருந்துச்சோ அதுல மாட்டுனேன்."

பெரிய பொட்டு! இரண்டு வருஷம் அந்த மனிதருக்குச் சோறு போட்டிருக்கிறேன். பத்தடி தூரத்தில் நான் இருந்தேன். வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்தது. விலக்கான பெண்டாட்டியிடம் சந்தேகம் கேட்பதைவிடக் குங்குமத்தின் அளவைப் பார்த்து முடிவு செய்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

சரி, உண்மைதான் வெளியே வந்துவிட்டதே என்று மாமனார் முகத்தைப் பார்த்தேன். அவர் சொன்னது இது:

"அவன் தெரியாம மாட்டிட்டான். தெரிஞ்ச நீ இன்னா கிழிச்ச? இப்ப தீட்டோட வண்டியத் தொட்டுட்ட வேற. ஒண்ணும் பேசாத, உள்ள போ."

அப்படியானால் நான் பேசினாலும் தப்பு, பேசாவிட்டாலும் தப்பு. அன்றைக்கு அழுதேன். துக்கத்தில் வந்த அழுகை இல்லை அது, எதையாவது போட்டு உடைக்க முடியவில்லையே என்று வந்தது.

பூஜை விடுமுறை முடிந்து திங்கட்கிழமைதான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஒர்க்‌ஷாப் திறந்தது. பேட்டரியை மட்டும் கழற்றிச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுபோனால் அரை நாளில் சார்ஜ் ஏற்றித் தருவார்கள். ஆனால் பூஜை போட்ட வண்டியிலிருந்து எதையும் கழற்றக்கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார். ஆகவே முழுக் காரையும் பஜார் வழியாகத் தள்ளிக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. என்னை யாரும் கேட்கவில்லை.

அன்று விடிந்ததும் தலைக்குக் குளித்து, இருந்ததில் நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். வீம்புதான். அன்றைக்குத்தான் இன்டர்வியூ, அனுப்ப மாட்டார்கள் என்று தெரியும். அவர்கள் கண் முன்னால் அந்தப் புடவையோடு நாள் முழுக்க நடமாட வேண்டும் என்று நினைத்தேன். சர்டிபிகேட்டும் கார்டும் போட்ட துணிப்பையையும் கையிலேயே வைத்திருந்தேன்.

வண்டியை வெளியே எடுத்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒருவர் உட்கார வேண்டும். மூட்டை தூக்குபவர்கள் யாரும் அந்தத் தோல் சீட்டில் உட்காரக்கூடாதாம். என் கணவர் தள்ள வேண்டும். ஆகவே மாமனாரே உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட இறங்கினார் என்பதே சரி. இரண்டு பேர் கைத்தாங்கலாக உள்ளே இறக்கிவிட்டார்கள். முழங்கால் இரண்டும் மார்பை முட்ட, வேட்டியை வாரிச் சுருட்டிக்கொண்டு, தலைமட்டும் வெளியே தெரிய அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த அழகைப் பார்க்கப் பஜாரே வாசலுக்கு வந்துவிட்டது. வாழ்நாளில் அவர் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. எங்கள் கடையைத் தாண்டியதுமே வண்டி குறுக்கே திரும்பித் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது.

பின்னாலேயே விழுப்புரம் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது.

என் பஸ் அது. சரியாக எங்கள் கடை வாசலில், என் காலுக்கு நாலடி முன்னால் அதன் படி இருந்தது. நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டினேன்.

"ஏய், எங்க போற?" என்று கீழேயிருந்து மாமனாரின் குரல் வந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். அந்த வண்டியிலிருந்து அவரால் தானாக எழுந்திருக்க முடியாது. கதவு மேல் கையை ஊன்றினார், முழங்கால் வரவில்லை. சுற்றிலும் தினமும் அவரோடு வியாபாரம் பேசுகிற முகங்கள். மறுபடி ஸ்டியரிங்கையே பிடித்துக்கொண்டார்.

"நீங்கதான மாமா போய்ட்டு வான்னு சொன்னீங்க. போய்ட்டு வரேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் படியேறினேன்.

முன்பக்கம் இடம் கிடைத்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் காரின் பின்புறத்தில் இரண்டு கையையும் வைத்துக் குனிந்தபடி என் கணவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடுவாரா, போ என்று தலையாட்டுவாரா என்று நானும் பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "யோவ், வண்டிய ஓரங்கட்டுய்யா, ஜனங்க போவணுமில்ல" என்று சத்தம் போட்டார்.

என் கணவர் தலையைக் குனிந்து, அப்பாவோடு சேர்த்து அந்தக் காரைத் தள்ளி, எனக்கு வழி விட்டார்.