கல்யாணம் பேசவா வந்தோம்?

முதுகலைப் படிப்புக்காகப் பாறசாலையிலிருந்து சென்னைக்குப் போனபோது, அறை தேட அம்மாவும் கூட வந்தாள். அதற்குமுன் அவள் திருவனந்தபுரத்தைத் தாண்டியதில்லை.

பார்த்த வீடுகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வீட்டுக்காரர் ஊர், படிப்பு எல்லாம் விசாரித்துவிட்டு, “நீங்க என்ன ஆளுங்க?” என்றார். நான் தடுமாறினேன்.

அம்மா நிதானமாகச் சொன்னாள்: “கல்யாணம் பேசவா வந்தோம்? வாடகைக்கு வீடு கேட்டாக்கும் வந்தோம்.”

“வா மக்கா, வேற வீடு உண்டு” என்று என் பையைத் தூக்கிக்கொண்டு அம்மா படியிறங்கினாள்.

மாலையில் ஒரு தையல்கடை மாடியில் அறை கிடைத்தது. கடைக்கார அம்மாள், “தண்ணி காலையில மட்டுந்தான் வரும், பரவாயில்லையா?” என்று மட்டும் கேட்டார்.

அம்மாவின் அந்தத் தைரியத்தில் பாதியாவது எனக்கு வரவேண்டும் என்று அன்று ஆசைப்பட்டேன்.